மதியத்தில் மறையும் ஸ்பைடர்வோர்ட்டைப் பிடுங்க வேண்டாம்

கேள்வி இதுதான்: "ஓஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்பைடர்வோர்ட் வாங்கி வாசல் பக்கம் வைத்தோம். மே மாதம் நன்றாகப் பூக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ஆனால் வேலை முடிந்து மாலையில் வந்து பார்த்தால் ஒரு பூகூட இல்லை. ஜூலை வந்ததும் செடி மஞ்சளாகி நான்கு பக்கமும் சாய்ந்துவிடுகிறது. உரம் போட்டும் பயனில்லை. சுற்றிலும் புல் மாதிரிக் குட்டிச் செடிகள் முளைக்கின்றன. பார்க்க ஊர்க் கானாவாழை போலவே இருப்பதால் இதுவும் களைதானோ என்று சந்தேகம். பிடுங்கிவிடலாமா?"

பிடுங்காதீர்கள். பூ மதியத்தில் மறைவதும் ஜூலையில் செடி படுத்துவிடுவதும் நோய் இல்லை. இந்தச் செடியின் இயல்பே அதுதான். நீங்கள் போட்ட உரம் அது சாய்வதைக் கூட்டியிருக்கும். ஸ்பைடர்வோர்ட்டைப் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல், ரோஜாவைப் போல இதையும் கவனித்ததால் வந்தவை. நல்ல மண், நிறைய உரம், தினமும் தண்ணீர் என்று எதையும் இது கேட்பதில்லை. சரியான இடத்தில் நட்டு, கோடை நடுவில் தயங்காமல் வெட்டினால் போதும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஸ்பைடர்வோர்ட் என்பது ஒரே செடியின் பெயர் இல்லை. டிரடெஸ்கான்ஷியா என்ற பேரினத்தில் வட அமெரிக்காவுக்கே உரிய பல இனங்களுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. உங்கள் மாநிலத்தின் பெயரையே தாங்கியது டிரடெஸ்கான்ஷியா ஓஹியென்சிஸ். மாசசூசெட்ஸிலிருந்து நெப்ராஸ்கா வரை, தெற்கே ஃபுளோரிடா, டெக்சஸ் வரை இயற்கையாக வளர்கிறது. ரயில் பாதை ஓரம், சாலையோரம், காய்ந்த புல்வெளி என்று மற்ற செடிகள் தயங்கும் இடங்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம். இரண்டு முதல் மூன்றடி உயரம். தண்டிலும் இலையிலும் மெழுகு பூசியது போன்ற நீலப்பச்சை இருக்கும். மொட்டை மூடியிருக்கும் புல்லிதழ் வழவழப்பாக இருக்கும், நுனியில் மட்டும் சில ரோமங்கள் இருக்கலாம். வர்ஜினியானா இதைவிடக் குட்டை, புல்லிதழ் முழுக்க மென்மையான ரோமம். பிராக்டியேட்டாவின் ரோமங்கள் தொட்டால் விரலில் ஒட்டும். சப்ஆஸ்பெரா அகன்ற இலையும் வளைந்து வளைந்து போகும் தண்டும் கொண்டது. மர நிழலில் வளரும், மற்றவை ஓயும் நேரத்தில் பூக்கத் தொடங்கும். ஒரு கைலென்ஸ் வைத்துப் புல்லிதழைப் பார்த்தாலே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம்.

இவை தவிர, நர்சரிகளில் ஆண்டர்சோனியானா குழு என்று விற்கப்படும் கலப்பினங்கள் உண்டு. மஞ்சள் இலையும் ஊதா நீலப் பூவும் கொண்ட ஸ்வீட் கேட், வெள்ளைப் பூவின் நடுவில் நீலம் காட்டும் ஆஸ்பிரே, கான்கார்ட் கிரேப் எல்லாம் இந்தக் குழுதான். பானையில் அழகாக இருக்கும், குட்டையாக வளரும். தேனீக்களுக்காகவும் உள்ளூர்ச் சூழலுக்காகவும் வளர்க்கிறீர்கள் என்றால், என் பரிந்துரை கலப்பில்லாத ஓஹியென்சிஸ். நாட்டுச் செடிகளை மட்டும் விற்கும் நர்சரியில் இனப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சாலையோரத்தில் நிற்கிறதே என்று தோண்டிக்கொண்டு வராதீர்கள். அங்கே இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

இனி அந்த மதியப் பிரச்சினை. ஒவ்வொரு பூவின் ஆயுளும் ஒரே ஒரு காலைதான். விடிந்ததும் விரிகிறது. வெயில் ஏறினால் பகல் பன்னிரண்டுக்குள் சுருங்கிவிடும். மேகமூட்டமான நாளில் பிற்பகல் வரை தாங்கும். இதழ்கள் உதிர்ந்து விழுவதில்லை. செல்களுக்குள் இருக்கும் நொதிகளே அவற்றைக் கரைத்துவிடுகின்றன. வாடிய பூவை விரல்களுக்கிடையில் நசுக்கினால் நீலச் சாறு ஒட்டும், இதழ் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. மறுநாள் அதே கொத்தில் வேறொரு மொட்டு விரியும். நீண்ட இரண்டு இலைகளுக்கு நடுவே இப்படி ஏராளமான மொட்டுகள் வரிசையில் காத்திருப்பதால்தான், ஒரு பூ அரை நாள் வாழ்ந்தாலும் செடி மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை பூத்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே இதை வைக்க வேண்டிய இடம், காலையில் உங்கள் கண் படும் இடம். காபி குடிக்கும் மேசைக்கு எதிரே உள்ள ஜன்னல், பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் இடம், கார் எடுக்கும் வழி. மாலையில் மட்டும் உட்காரும் கொல்லைப்புறத் திண்ணை ஓரத்தில் வைத்தால் வருடம் முழுக்கப் பச்சைத் தழையைத்தான் பார்ப்பீர்கள். வீட்டின் கிழக்குப் பக்கம் மிகவும் ஏற்றது. காலை வெயில் கிடைக்கும், மேற்கு வெயிலின் சூடு தாக்காது, பூவும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கும். முழு வெயிலிலும் வளரும், அரை நிழலிலும் வளரும். நிழல் கூடக் கூடப் பூ குறையும், தண்டு மெலிந்து சாயும். ஓஹாயோவில் பலர் வீட்டில் கருப்பு வால்நட் மரம் இருக்கும். அதன் வேரிலிருந்து கசியும் பொருளால் தக்காளி முதல் பல செடிகள் வாடிப்போகும். அதைத் தாக்குப்பிடிக்கும் செடிகளின் பட்டியல்களில் ஸ்பைடர்வோர்ட் வழக்கமாக இடம்பெறும். வேறெதுவும் வராத அந்த மரத்தடி உங்களிடம் இருந்தால், அதன் வெயில் விழும் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, ஜூலைக்கு வருவோம். பலரும் நம்பிக்கை இழப்பது இந்த மாதத்தில்தான். இது குளிர் விலகியதும் முளைத்து, வெப்பம் உச்சத்துக்குப் போவதற்குள் தன் வேலையை முடித்துக்கொள்ளும் செடி. விதை முற்றத் தொடங்கியதும் இலைகளில் மஞ்சள் ஏறும், நுனி கருகும், சாறு நிறைந்த தண்டுகள் பாரம் தாங்காமல் நடுவிலிருந்து பிரிந்து விழும். அந்த நேரத்தில் தண்ணீரும் உரமும் கொடுத்து நிமிர்த்தப் பார்ப்பது வீண். உரத்தில் உள்ள நைட்ரஜன் தண்டை வேகமாக நீட்டி இன்னும் பலவீனமாக்கும். குச்சி நட்டுக் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது, கட்டிய செடி துடைப்பக் கட்டு போல நிற்கும்.

செய்ய வேண்டியது வெட்டுவதுதான். பூ பெரும்பாலும் ஓய்ந்ததும், கூர்மையான கத்தரிக்கோலால் செடி முழுவதையும் தரையிலிருந்து அரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், கவலைப்படாதீர்கள். மழை பெய்து சூடு தணிந்ததும் அடியிலிருந்து புதிய இலைகள் கிளம்பும். செப்டம்பரில் சில கொத்துப் பூவும் வரலாம். மே மாதம் போலக் கொட்டிப் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்படி வரும் புதுத் தழை இலையுதிர் காலத்தில் மற்றச் செடிகள் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்கும், அதுவே எனக்குப் போதும். வெட்டிய பின் மண் ரொம்பக் காய்ந்திருந்தால் ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள்.

வெட்டிய இடத்தில் தெரியும் வெற்றிடத்தை மறைக்கக் கூட்டாளிச் செடிகள் வேண்டும். பின்வரிசையிலும் பக்கத்திலும் ஜூலைக்குப் பிறகு எழும்பும் செடிகளை வையுங்கள். ஊதாக் கூம்புப்பூவான எக்கினேசியா, மவுன்டன் மின்ட், இலையுதிர் காலத்து ஆஸ்டர், லிட்டில் புளூஸ்டெம் புல், எல்லாமே உங்கள் பகுதிக்குச் சொந்தமானவை. ஜூன் மாதத்தில் ஸ்பைடர்வோர்ட்டின் நீலத்தோடு சேர்ந்து பார்க்க வேண்டுமானால், ஆரஞ்சு நிறப் பூ விடும் பட்டர்ஃபிளை வீட் (butterfly weed) செடியும் வெள்ளை மணி தொங்கும் பென்ஸ்டமன் டிஜிட்டாலிஸும் கச்சிதம். புற்களின் துணை தண்டுகளுக்கும் நல்லது. காட்டுப் புல்வெளியில் ஸ்பைடர்வோர்ட் சாயாமல் நிற்பதற்குக் காரணமே சுற்றிலும் புல் நெருக்கமாக நின்று தாங்குவதுதான். தனியாக, மரத்தூள் பரப்பிய வட்டத்துக்கு நடுவில் நட்டால் தாங்க யாருமில்லை.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், கொலம்பஸ் பக்கத்துக் களிமண்ணே போதும், குளிர்காலத்தில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. கம்போஸ்ட் கலந்து வளப்படுத்த வேண்டாம். முதல் வருடம் மழை இல்லாத வாரங்களில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

குட்டிச் செடிகள் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. வளமான, ஈரமான பாத்தியில் ஸ்பைடர்வோர்ட் நிறையவே விதைபோட்டுப் பரவும். ஒரே கொத்தில் மேலே மொட்டு விரிந்துகொண்டிருக்கும்போதே, முன்பு பூத்தவை காம்பு வளைந்து கீழே தொங்கி, சிறிய காய்களாகி, பழுப்பேறி மூன்றாக வெடிக்கும். எனவே கடைசிப் பூ வரை காத்திருந்தால் முதல் விதைகள் விழுந்துவிட்டிருக்கும். பரவக் கூடாது என்றால் பூ பாதியாகக் குறையும்போதே வெட்டுங்கள். முளைத்த குட்டிகளை வசந்தத்தில், ஈர மண்ணில், சிறிய களைக்கொத்தியால் வேரோடு தூக்குங்கள். இலையை மட்டும் பிய்த்தால் சதைப்பற்றான வேர் மறுபடி தளிர்க்கும். பிடுங்கிய தண்டுகளை மண்ணிலேயே போட்டுவிடவும் கூடாது, கணுவிலிருந்து வேர் விட்டுவிடும்.

இந்தக் குட்டிகள் தாய்ச் செடி மாதிரியே வரும் என்று நம்ப முடியாது. ஸ்பைடர்வோர்ட்டுக்குத் தன் மகரந்தம் தனக்கே உதவாது, காய்க்க வேண்டுமானால் வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். இனங்களுக்கிடையே கலப்பதும் எளிதாக நடக்கும். மிசூரி தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய எட்கர் ஆண்டர்சன் 1930-களில் காட்டு ஸ்பைடர்வோர்ட்டுகளை இப்படித்தான் ஆராய்ந்தார். வெயிலில் வளரும் ஓஹியென்சிஸும் நிழலில் வளரும் சப்ஆஸ்பெராவும் சந்திக்கும் இடங்களில், ஒன்றின் குணங்கள் கலப்புச் சந்ததி வழியாக மற்றொன்றுக்குள் மெல்லக் கசிவதை அவரும் சக ஆய்வாளர் ஹியூப்ரிக்ட்டும் 1938-ல் எழுதினார்கள். தாவரப் பரிணாமப் பாடத்தில் இன்றைக்கும் வரும் கருத்து அது. தோட்டக் கலப்பினங்களுக்கு ஆண்டர்சோனியானா என்ற பெயர் அவரை வைத்துத்தான். தோட்டக்காரருக்கு இதன் பலன் நேரடியானது. ஸ்வீட் கேட்டின் விதையிலிருந்து மஞ்சள் இலை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் செடி ஓஹியென்சிஸாக இருந்து, பக்கத்து வீட்டில் கலப்பினம் இருந்தால், குட்டிகளில் பாதி எதுவென்றே சொல்ல முடியாததாக இருக்கும். அவற்றைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

கானாவாழை போல இருக்கிறது என்றீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இரண்டும் கம்மெலினேசியே என்ற ஒரே குடும்பம். அங்கேயும் நீலப் பூ காலையில் விரிந்து மதியத்தில் சுருண்டுவிடும். வித்தியாசம் பூவில் தெரியும். ஸ்பைடர்வோர்ட்டுக்கு ஒரே அளவான மூன்று இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள், செடி நிமிர்ந்து வளரும். கானாவாழையில் இரண்டு இதழ்கள் பெரிது, மூன்றாவது சிறிது. மடித்த இலை போன்ற உறைக்குள்ளிருந்து பூ எட்டிப்பார்க்கும், தண்டு தரையில் படர்ந்து ஓடும். ஓஹாயோ தோட்டங்களில் ஆசியாவிலிருந்து வந்த கம்மெலினா கம்யூனிஸ் களையாகப் பரவியிருக்கிறது. அதன் கீழ் இதழ் வெளிறிய வெள்ளை. அது இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்குங்கள்.

நம் ஊர்க் கானாவாழை, அதாவது கம்மெலினா பெங்காலென்சிஸ், அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. மண்ணுக்கு மேலே மட்டுமல்லாமல் மண்ணுக்கு அடியிலும் விரியாத பூக்களை வைத்து விதை உண்டாக்கும் செடி அது. ஜார்ஜியாவின் பருத்தி வயல்களில் பெரிய தொல்லையாகிவிட்டது. கீரைக்கு ஆகுமே, அடைக்குப் போடலாமே என்று ஊரிலிருந்து விதையோ தண்டோ கொண்டுவரும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதே போல, வீட்டுக்குள் தொட்டியில் வைக்கும் ஊதா இலைச் செடியும் வரி இலைச் செடியும் டிரடெஸ்கான்ஷியாதான். மெக்சிகோ பக்கத்தைச் சேர்ந்த அவை உங்கள் ஊர்க் குளிரில் வெளியே பிழைக்காது.

ஸ்பைடர்வோர்ட்டைச் சாப்பிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். செரோக்கி மக்கள் இளந்தளிரை வேகவைத்து மற்றக் கீரைகளோடு சேர்த்து உண்டிருக்கிறார்கள். ஆனால் செடியில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் நாய் இருந்தால் அது புரளும் இடத்துக்குப் பக்கத்தில் நட வேண்டாம். முயலும் மானும் தளிரைக் கடிக்கும், நத்தையும் வரும். வளர்ந்த செடிக்கு இவற்றால் பெரிய சேதமில்லை, மருந்து அடிக்கத் தேவையே கிடையாது. மருந்தடித்தால் பாதிக்கப்படுவது தேனீக்கள்தான். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதற்காகவே காலையில் பம்பிள் தேனீக்களும் சிறிய நாட்டுத் தேனீக்களும் மொய்க்கின்றன. ஆறு மணிக்கு எழுந்து ஒரு நாள் போய் நின்று பாருங்கள், இந்தச் செடியை ஏன் பிடுங்கக் கூடாது என்று நான் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மகரந்தத் தாளைச் சுற்றி நீல ரோமங்கள் தெரியும். ஒவ்வொரு ரோமமும் செல்கள் ஒற்றை வரிசையில் அடுக்கியது. ஒன்றைப் பறித்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் திரவம் ஓடுவது நேரடியாகத் தெரியும். செல்லின் உட்கருவுக்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்ட ராபர்ட் பிரவுன் 1831-ல் பார்த்துப் பதிவு செய்தவற்றில் இந்த ரோமமும் உண்டு. லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கதிரியக்கத்தின் விளைவை அளக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். மரபணு பாதிக்கப்பட்டால் நீலச் செல் இளஞ்சிவப்பாக மாறும், அதை எண்ணிவிடலாம். 1967-ல் பயோசாட்டலைட் 2 விண்கலத்தில் இந்தச் செடிகள் விண்வெளிக்கும் போய்வந்தன. இதை வைத்துக்கொண்டு, தோட்டத்து ஸ்பைடர்வோர்ட் நிறம் மாறினால் கதிர்வீச்சு என்று பரவும் செய்திகளை நம்பாதீர்கள். அதற்குப் பயன்பட்டவை, நீலத்துக்கு ஒரு மரபணுவும் இளஞ்சிவப்புக்கு ஒரு மரபணுவும் ஒருசேர வைத்திருக்கும் தேர்ந்தெடுத்த வகைகள். நர்சரியில் வாங்கிய இளஞ்சிவப்புப் பூ இயல்பாகவே இளஞ்சிவப்பு.

இந்த அழகில் மயங்குவது புதிதுமில்லை. வர்ஜினியாவிலிருந்து ஒரு நண்பர் பட்டுப்புல் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்ததை லண்டனில் ஜான் டிரடெஸ்கான்ட் வளர்த்ததாக 1629-லேயே தாவர நூலாசிரியர் பார்க்கின்சன் எழுதியிருக்கிறார். பேரினத்தின் பெயர் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான்.

இப்போது உங்கள் செடிக்கு. இந்த வாரமே வெட்டிவிடுங்கள், உரத்தை நிறுத்துங்கள். செப்டம்பர் தொடக்கத்தில், புதுத்தழை வந்த பிறகு, மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாகக் குத்திச் செடியை மொத்தமாகத் தூக்குங்கள். வேர்கள் தடித்த நூல் கற்றை மாதிரி வரும், சில அறுந்தால் பரவாயில்லை. நான்கைந்து தளிர் இருக்கும்படி துண்டுகளாகப் பிரித்து, நடுவில் காய்ந்த பகுதி இருந்தால் எறிந்துவிடுங்கள். காலையில் நீங்கள் நடக்கும் கிழக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு, முன்பிருந்த அதே ஆழத்தில் நடுங்கள். இனி மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு முறை பிரித்தால் போதும். விதையிலிருந்து முயல விரும்பினால், பழுப்பேறிய காய்களைச் சேகரித்து நவம்பரில் வெளியே மண்ணில் தூவிவிடுங்கள். மூன்று, நான்கு மாதக் குளிரும் ஈரமும் பட்டால்தான் முளைக்கும், அதை ஓஹாயோவின் குளிர்காலமே பார்த்துக்கொள்ளும். பிரித்த துண்டுகள் தரை உறைவதற்கு ஆறு வாரம் முன்பாவது மண்ணில் இருக்க வேண்டும், வேர் பிடிக்க அவ்வளவு நேரம் தேவை. அடுத்த மே மாதம் பூ கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அதற்கடுத்த வருடம் முழுதாக வந்துவிடும்.